குடத்து விரிசலைப் பசை பிடிக்காதது ஏன்?

வீட்டுப் பட்டறை: வாசகர் கேள்வி – பதில்

உடைந்த பிளாஸ்டிக் பொருள்களைப் பற்றி இம்முறை வந்திருக்கும் கடிதங்களில் ஏறத்தாழ எல்லோருடைய குறையும் ஒன்றுதான்: ஒட்டினாலும் நிற்கவில்லை, உருக்கினாலும் நிற்கவில்லை. முதல் கேள்விக்கான பதிலை விரிவாகவே எழுதியிருக்கிறேன். மற்றக் கேள்விகளைக் கேட்டவர்களும் அதை ஒருமுறை படித்துவிட வேண்டுகிறேன்.

கேள்வி: தண்ணீர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடத்தின் அடிவிளிம்பில் விரல் நீளத்துக்கு விரிசல் விட்டிருக்கிறது. உடனடிப் பசை போட்டேன். பிறகு எபாக்சி கலவையைப் பூசினேன். இரண்டுமே காய்ந்தபின் ஏடாக உரிந்து வந்துவிட்டன. கடைசியில் கத்தியைக் காய்ச்சித் தேய்த்து அடைத்தோம். ஒரே வாரத்தில் மறுபடியும் ஒழுகுகிறது. இதற்கு முறையான வழி உண்டா?
– வாசகி, விருதுநகர்

பதில்: உண்டு. நீங்கள் செய்த மூன்று முயற்சிகளும் ஏன் தோற்றன என்பதைத் தெரிந்துகொண்டால் வழி தானாகவே புலப்படும்.

குடங்களும் வாளிகளும் பெரும்பாலும் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. இவற்றைத் தொட்டுப் பார்த்தால் மெழுகைத் தொடுவது போன்ற வழவழப்பு தெரியும். பசையின் மூலக்கூறுகள் பற்றிக்கொள்வதற்கான பிடிமானம் இந்தப் பரப்பில் கிடையாது. அதனால்தான் பசை தன்னளவில் நன்றாகக் கெட்டியானாலும், குடத்தை விட்டு மொத்தமாகக் கழன்று வந்துவிடுகிறது. காய்ச்சிய கத்தி செய்தது வேறு தவறு. அது மேல்தோலை மட்டும் உருக்கி விரிசலை மூடியது. அடியில் விரிசல் அப்படியே இருந்தது. நீர் நிறைந்த குடத்தைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் அந்த இடம் சற்றே வளைவதால், மெல்லிய மூடி சில நாள்களிலேயே கிழிந்துவிட்டது.

பிளாஸ்டிக் பற்றவைப்பு என்பது விரிசலின் மேல் உருகிய பிளாஸ்டிக்கைப் பூசுவது அன்று. விரிசலின் இரு கரைகளும், இடையில் நிரப்புவதற்காக நாம் வைக்கும் துண்டும், மூன்றும் ஒரே நேரத்தில் உருகிய நிலையில் இருக்க வேண்டும். அப்போதுதான் அவற்றின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு, ஆறியபின் ஒரே பொருளாக இறுகும். எங்கள் தெருவுக்கு முன்பு குடம், வாளி அடைத்துத் தர வந்த தொழிலாளி ஒருவர், புதிய பொருள் எதையும் கொண்டுவர மாட்டார். இரும்புக் கம்பியும் கரியடுப்பும் பழைய குடங்களின் உடைசல்கள் நிறைந்த ஒரு பையுமே அவருடைய பட்டறை. குடத்துக்குக் குடத்துத் துண்டையும் வாளிக்கு வாளித் துண்டையும் அவர் தேடி எடுத்ததன் பொருள் எனக்கு வெகுகாலம் கழித்தே விளங்கியது.

நீங்கள் வாங்க வேண்டியது தட்டையான முனை கொண்ட ஒரு சால்டரிங் அயர்ன் (ஈயம் வைத்துப் பற்றவைக்கும் மின்சூட்டுக்கோல்) மட்டுமே. குடத்தின் மெல்லிய சுவருக்கு 25 வாட் போதும்; தடித்த பொருள்களுக்கு 60 வாட் வசதியாக இருக்கும். முதலில் குடத்தைச் சோப்பால் கழுவி முழுவதுமாக உலர விடுங்கள். விரிசலுக்குள் ஈரம் இருந்தால் அது ஆவியாகி உருகிய பிளாஸ்டிக்கில் குமிழிகளை உண்டாக்கும். அந்தக் குமிழிகள் வழியாகவே நாளை தண்ணீர் கசியும். பிறகு விரிசலின் இரு பக்கத்திலும் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு உப்புத்தாளால் தேய்த்து, பழைய பசையையும் மங்கிய மேல்தோலையும் நீக்குங்கள்.

அடுத்த வேலையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். விரிசலின் இரு முனைகளிலும் இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சிறு துளை போட வேண்டும். விரிசலின் கூர்முனையில்தான் இழுவிசை முழுவதும் குவிகிறது. அங்கே வட்டத் துளை இருந்தால் விசை பரவிவிடும். விரிசல் மேற்கொண்டு ஓடாது. துளையிடும் கருவி இல்லாவிட்டால் குறட்டால் பிடித்துக் காய்ச்சிய ஆணி போதும். அதன்பின் விரிசலின் நெடுகக் கத்திமுனையால் சுரண்டி, சுவரின் தடிமனில் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்துக்குச் சரிவான பள்ளம் எடுங்கள். அகலமான வாளி என்றால் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் பற்றவைக்கலாம். குடத்தின் கழுத்து குறுகலானதால் வெளியிலிருந்து செய்யும் வேலையே முழுப் பாரத்தையும் தாங்க வேண்டும். ஆகவே இந்தப் பள்ளத்தில் சிக்கனம் கூடாது.

நிரப்புவதற்கு அதே வகைப் பிளாஸ்டிக்கிலிருந்து மூன்று, நான்கு மில்லிமீட்டர் அகலமுள்ள கீற்றுகளை வெட்டிக்கொள்ளுங்கள். உடைந்துபோன வேறொரு குடம் இதற்கு ஏற்றது. அது ஒரே வகைதானா என்று அறிய, கீற்றின் நுனியைக் குடத்தின் அடிப்புறத்தில் ஓரிடத்தில் உருக்கி ஒட்டி, ஆறியபின் இழுத்துப் பாருங்கள். சுத்தமாகக் கழன்று வந்தால் அது வேறு வகை. இழைந்து கிழிந்தால் அதே வகை. மின்கம்பிகளைக் கட்டும் கேபிள் டையை நிரப்பியாகப் பயன்படுத்தும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அது நைலான், குடத்தோடு கலக்காது. நானும் பழகத் தொடங்கிய காலத்தில் ஒரு வாளியை அப்படி அடைத்தேன். இரண்டாம் நாளே அது நூல் பிரிவதைப் போல நீளமாக உரிந்து வந்தது.

துணி தைப்பவர்கள் முதலில் ஓட்டுத்தையல் போட்டுக்கொள்வதைப் போல, விரிசலின் நெடுக இடைவெளி விட்டு அயர்ன் முனையால் தொட்டு, இரு கரைகளையும் ஒரே மட்டத்தில் நிறுத்துங்கள். பிறகு முனையின் ஒரு பக்கம் பள்ளத்தையும் மறுபக்கம் கீற்றையும் தொடும்படி வைத்து, இரண்டும் பளபளத்து இளகும்வரை பொறுத்திருந்து, கீற்றை உள்ளே அழுத்தியபடி மெல்ல நகருங்கள். பாலிஎத்திலீன் ஏறத்தாழ 130 டிகிரி செல்சியஸிலும் பாலிபுரொப்பிலீன் 160 டிகிரியை ஒட்டியும் உருகுகின்றன. சாதாரண அயர்னின் முனையோ 300 டிகிரியைத் தாண்டிவிடும். புகை எழுந்தாலோ பழுப்பு நிறம் படிந்தாலோ பிளாஸ்டிக் உருகவில்லை, கருகுகிறது என்று பொருள். கருகிய இடத்தில் வலு இராது. அப்போது அயர்னின் மின் இணைப்பைத் துண்டித்துச் சற்று நேரம் ஆற விட்டுத் தொடருங்கள்.

முடிந்ததும் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்க வேண்டாம். அரை மணி நேரம் தானாக ஆறட்டும். மேடாக நிற்கும் பகுதியை அழகுக்காகத் தேய்த்துச் சமமாக்கவும் வேண்டாம். மெல்லிய சுவரில் அந்த மேடுதான் பலம். பின்னர் நீர் நிரப்பி, பழைய செய்தித்தாளின் மேல் ஓர் இரவு வைத்துப் பாருங்கள். தாள் நனையாவிட்டாலும், இடுப்பில் வைத்துச் சுமக்கும் குடமாக அல்லாமல், வீட்டில் ஓரிடத்தில் நீர் சேமித்து வைக்கும் குடமாக அதைப் பயன்படுத்துவதே நல்லது என்பது என் கருத்து.

கேள்வி: பழைய வீட்டுச் சாதனங்களின் உடைந்த பாகங்கள் சில என்னிடம் உள்ளன. எதிலும் எண்ணோ எழுத்தோ இல்லை. அவை எந்தப் பிளாஸ்டிக் என்பதை எப்படிக் கண்டறிவது?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உட்புறத்தை நல்ல வெளிச்சத்தில் இன்னொரு முறை பாருங்கள். முக்கோணக் குறிக்குள் 2 என்றால் அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன், 3 என்றால் பிவிசி, 4 என்றால் அடர்த்தி குறைந்த பாலிஎத்திலீன், 5 என்றால் பாலிபுரொப்பிலீன், 6 என்றால் பாலிஸ்டைரீன். இந்த எண்முறை 1988-இல் அமெரிக்காவில் தொடங்கியது. இயந்திர பாகங்களில் முக்கோணத்துக்குப் பதிலாக, இரு கோணக் குறிகளுக்கு நடுவில் பிபி (பாலிபுரொப்பிலீன்), ஏபிஎஸ் (சாதனங்களின் வெளிக்கூடுகளுக்கு உதவும் கடினமான பிளாஸ்டிக்) போன்ற சுருக்கங்கள் ஆங்கில எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருக்கும்.

ஒன்றுமே இல்லையென்றால் தண்ணீரைக் கேளுங்கள். பாகத்திலிருந்து நகக்கண் அளவு துண்டை வெட்டி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு கலந்த நீரில் அமிழ்த்தி விடுங்கள். அந்தச் சொட்டு இல்லாவிட்டால் துண்டில் ஒட்டிய காற்றுக்குமிழிகள் பொய் சொல்லும். மேலே வந்து மிதந்தால் அது பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன். மூழ்கினால், ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 350 கிராம் உப்பைக் கரைத்து அதில் போடுங்கள். ஏபிஎஸ், பாலிஸ்டைரீன், நைலான் ஆகியவை அந்த உப்புநீரில் மிதக்கும். பிவிசி அதிலும் மூழ்கும். சுண்ணாம்புத் தூள் போன்றவற்றைக் கலந்து வார்த்த பாலிபுரொப்பிலீன் சாதாரண நீரில் மூழ்கக்கூடும் என்பதால், இந்தச் சோதனையோடு முன் பதிலில் சொன்ன இழுத்துப் பார்க்கும் சோதனையையும் செய்வது நல்லது.

மிக்ஸியின் வெளிக்கூடு, தொலைக்காட்சிப் பெட்டியின் சட்டம் போன்றவை பெரும்பாலும் ஏபிஎஸ் வகையைச் சேர்ந்தவை. இவற்றுக்கு வெப்பமே தேவைப்படாத ஒரு வழி உண்டு. அதே பிளாஸ்டிக்கின் துகள்களை ஒரு கண்ணாடிக் குப்பியில் அசிட்டோன் என்னும் கரைப்பானில் ஊறவைத்தால் கூழாகிவிடும். அந்தக் கூழை விரிசலில் தடவி, ஒரு நாள் முழுவதும் உலரவிட்டால் நன்றாகப் பிடிக்கும். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும் என்பதால், சூடான அயர்னோ அடுப்போ விளக்கோ இருக்கும் இடத்தில் அதைத் திறக்கவே கூடாது.

கேள்வி: மொட்டைமாடியில் இருக்கும் 500 லிட்டர் தண்ணீர்த் தொட்டியில், குழாய் வெளியேறும் இடத்தை ஒட்டி விரிசல். பற்றவைத்தால் நிற்குமா?
– வாசகர், திருச்சி

பதில்: தொட்டியின் வெயில்படும் பக்கத்தை முதலில் உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். மாவு போன்ற தூள் கையில் ஒட்டினாலோ, நகத்தால் கீறியதும் செதில் பெயர்ந்தாலோ, வெயிலின் புறஊதாக் கதிர்கள் பிளாஸ்டிக்கின் சங்கிலிகளைத் துண்டுதுண்டாக்கிவிட்டன என்று அறியலாம். அத்தகைய தொட்டியில் பற்றவைப்பு நின்றாலும், அதற்குப் பக்கத்திலேயே புதிய விரிசல் தோன்றும். தொட்டியை மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை.

பிளாஸ்டிக் நல்ல நிலையில் இருந்தால், விரிசலுக்கான காரணத்தை முதலில் நீக்குங்கள். குழாயின் பாரம் தொட்டிச் சுவரில் தொங்குவதாலோ, தொட்டியின் அடிப்புறம் சமதளத்தில் முழுவதுமாக அமராததாலோதான் அந்த இடத்தில் பெரும்பாலும் விரிசல் விடுகிறது. குழாய்க்குத் தனித் தாங்கி கொடுக்காமல் எத்தனை முறை அடைத்தாலும் பயன் இல்லை. தடித்த சுவருக்கு அயர்னைவிடக் சூடான காற்றை ஊதும், குறுகிய மூக்குள்ள ஹீட் கன் ஏற்றது. பற்றவைத்த இடத்தின் மேல் துருப்பிடிக்காத எஃகு வலைத் துண்டு ஒன்றைச் சூடாக்கிப் பதித்து, அதன்மேல் இன்னொரு அடுக்குப் பிளாஸ்டிக்கை உருக்கி மூடினால் வலு கூடும். சாதாரண இரும்பு வலை உள்ளேயே துருப்பிடிக்கும். உட்புறமும் வேலை செய்ய வேண்டியிருந்தால், தொட்டிக்குள் இறங்கி மூடிய இடத்தில் புகையைச் சுவாசிக்காதீர்கள். கையெட்டும் தூரத்தில் வெளியில் நின்றே செய்ய முடியாவிட்டால் தொழில் தெரிந்தவரை அழையுங்கள்.

கேள்வி: பிரஷர் குக்கரின் கைப்பிடி உடைந்துவிட்டது. இதையும் உருக்கி ஒட்டலாமா?
– வாசகி, மதுரை

பதில்: முடியாது. அது பேக்கலைட். 1907-இல் லியோ பேக்லேண்ட் உருவாக்கிய இந்தப் பிளாஸ்டிக், ஒருமுறை வார்த்து இறுகியபின் மறுபடி உருகாது, சூடேற்றினால் கருகும். அடுப்பருகே கைப்பிடியாக இருக்க அது தகுதி பெற்றதே இந்தக் குணத்தால்தான். குக்கரின் மாதிரிக்கு உரிய புதிய கைப்பிடியை வாங்கிப் பொருத்துங்கள்.

கேள்வி: ஃபிரிட்ஜின் உறைபெட்டியில் பனிக்கட்டியைக் கத்தியால் நெம்பியபோது உட்சுவர் கீறிவிட்டது. அயர்ன் கொண்டு நானே அடைக்கலாமா? வீட்டில் கால் விரிசல் விட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றும் இருக்கிறது.
– வாசகி, காரைக்குடி

பதில்: ஃபிரிட்ஜின் உட்சுவரில் அயர்னை வைக்கவே வேண்டாம். அந்தச் சுவருக்குப் பின்னால் குளிரூட்டும் குழாய்கள் செல்கின்றன. இன்றைய வீட்டு ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் அந்தக் குழாய்களில் ஓடுவது ஆர்600ஏ எனப்படும் ஐசோபியூட்டேன். சமையல் எரிவாயுவைப் போலவே தீப்பற்றக்கூடியது. கீறலோடு சேர்ந்து ‘உஸ்’ என்ற சத்தம் கேட்டிருந்தாலோ, அதன்பின் குளிர் குறைந்திருந்தாலோ, சன்னல்களைத் திறந்து வைத்துவிட்டுப் பழுதுபார்ப்பவரை அழையுங்கள்; அருகில் நெருப்போ மின்பொறியோ எழ இடம் தரக் கூடாது. கீறல் மேலோட்டமானது என்று அவர் உறுதி செய்தால், சிலிகோன் அடைப்பானைத் தடவினாலே ஈரம் உள்ளே இறங்காமல் தடுக்கலாம்.

நாற்காலியின் கைப்பிடியிலோ முதுகுச் சாய்விலோ விரிசல் என்றால் தாராளமாகப் பற்றவைக்கலாம். காலில் விட்ட விரிசலைப் பற்றவைத்து அதில் ஒருவரை உட்கார வைப்பதை, குறிப்பாக வீட்டில் முதியவர்கள் இருந்தால், நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். வெளிப்பார்வைக்கு முழுமையாகத் தோன்றும் பற்றவைப்பு எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை வீட்டில் சோதித்தறிய வழி இல்லை. அந்த நாற்காலியை வெட்டிக் கீற்றுகளாக எடுத்து வையுங்கள். அடுத்து உடையும் நாற்காலியின் கைப்பிடிக்கு உதவும்.

கேள்வி: பிவிசி குழாய்த் துண்டு ஒன்றைப் பற்றவைக்க முயன்றபோது கண்ணும் தொண்டையும் எரிந்தன. முகக்கவசம் அணிந்தால் போதுமா?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: போதாது. பிவிசி கருகும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளியேறுகிறது. அது ஈரம் உள்ள இடங்களில், அதாவது கண்ணிலும் தொண்டையிலும், கரைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலமாகிறது. உங்களுக்கு ஏற்பட்ட எரிச்சலின் காரணம் அதுவே. துணிக் கவசமும் அறுவை சிகிச்சைக் கவசமும் வாயுவைத் தடுக்க மாட்டா. பிவிசி குழாய்களுக்கென்றே கரைப்பான் சிமெண்ட் கடைகளில் கிடைக்கிறது. அது குழாயின் மேல்தோலைக் கரைத்து இரண்டையும் ஒன்றாக்குகிறது. வீட்டில் பிவிசியை அந்த வழியிலேயே இணையுங்கள், நெருப்பிடம் கொண்டுபோக வேண்டாம்.

மற்ற வகைகளைப் பற்றவைக்கும்போதும் திறந்தவெளியிலோ சன்னலோரத்திலோ அமர்ந்து, மின்விசிறியின் காற்று உங்கள் பக்கவாட்டிலிருந்து வீசி, புகையை முகத்துக்கு வராமல் வெளியே கொண்டுசெல்லும்படி வைத்துக்கொள்ளுங்கள். உருகிய பிளாஸ்டிக் தோலில் விழுந்தால் பிய்த்து எடுக்காமல், ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். மின்னணுப் பலகைகளில் ஈயம் வைப்பதற்காக வைத்திருக்கும் அயர்னை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். பிளாஸ்டிக் கருகிப் படிந்த முனையில் ஈயம் பிடிக்காது. இதற்கென்று தனியாக ஒன்றை வைத்துக்கொண்டு, வேலை முடிந்து சூடு தணியும் முன்பே அதன் முனையைப் பித்தளைத் தூரிகையால் தேய்த்து வையுங்கள்.