கோலும் போடுவதில்லை, அசிஸ்டும் (கோலுக்கு முந்தைய பாஸ்) இல்லை: ஒரு ஹோல்டிங் மிட்ஃபீல்டர் நல்ல ஆட்டக்காரரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி கேட்டவர் இப்போதுதான் கால்பந்து பார்க்க ஆரம்பித்திருக்கிறாராம். ஸ்ட்ரைக்கருக்கு கோல் கணக்கு உண்டு, கீப்பருக்கு சேவ் கணக்கு உண்டு, டிஃபன்ஸுக்கு முன்னால் நடுவில் நிற்கிறாரே, அவரை எதை வைத்து மதிப்பிடுவது என்று கேட்டிருக்கிறார்.

நானும் ரொம்ப நாள் டேக்கிள் கணக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் அதிகம் பந்தைப் பிடுங்குகிறாரோ அவரே கெட்டிக்காரர். அது தப்பு என்று புரிந்தது டிவி பார்த்து இல்லை, சென்னையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டர்ஃபில் அடி வாங்கித்தான். அணிக்கு ஏழு பேர் ஆட்டம். எனக்கு ஷாட் அடிக்க வராது, தலையால் முட்டும் ஹெட்டர் என்றால் கண்ணை மூடிக்கொள்வேன், அதனால் "நீ நடுவுல நில்லு, போதும்" என்று நிறுத்திவிட்டார்கள். நான் எங்கே நின்றேன்? பந்து போகும் இடமெல்லாம் ஓடினேன். இடது ஓரத்தில் போய் ஒருத்தனிடம் பந்தைப் பிடுங்கினேன், கைதட்டு வேறு கிடைத்தது. அந்தக் குஷியில் அடுத்த தடவையும் அதே ஓரத்துக்குப் பாய்ந்தேன், அவன் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நான் விட்டுவந்த இடத்துக்குப் பந்தை உருட்டினான், அங்கே அவர்கள் ஆள் ஒருத்தன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தான். கோல். இப்படி மூன்று. எங்கள் டீமுக்கு கீப்பர் வியாசர்பாடிக்கார அண்ணன் ஒருவர், நாற்பதைத் தாண்டியவர், மூன்றாவது கோலை வலையிலிருந்து எடுத்துக்கொண்டே கத்தினார்: "டேய், பந்து பின்னாடி ஏன்டா ஓடுற? உன் முதுகுக்குப் பின்னாடி எவன் நிக்கிறான்னு பாருடா!"

என் பதில் முழுவதும் அந்த ஒரு வசவுக்குள் இருக்கிறது. அந்த மிட்ஃபீல்டரின் முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது, அல்லது என்ன நடக்காமல் போகிறது என்பதைப் பாருங்கள்.

அதை டிவியில் எப்படிப் பார்ப்பது? அடுத்த மேட்சில் ஒரு பத்து நிமிடம் பந்தை விட்டுவிடுங்கள். கஷ்டம்தான், கண் தானாகப் பந்துக்கே போகும். உங்கள் அணி தாக்கும்போது, எதிரணி பாக்ஸ் (கோலுக்கு முன்னால் உள்ள கட்டம்) பக்கம் கூட்டமாக இருக்கும்போது, இந்த ஆள் எங்கே நிற்கிறார் என்று மட்டும் பாருங்கள். மான்செஸ்டர் சிட்டியின் ரோட்ரி இதற்குச் சரியான ஆள். எல்லோரும் பாக்ஸுக்குள் இருப்பார்கள், இவர் பாக்ஸுக்குக் கொஞ்சம் வெளியே, எதிரணி எட்டி உதைக்கும் பந்து எங்கே வந்து விழுமோ அங்கே நிற்பார். அங்கிருந்து மறுபடி பந்து உள்ளே போகும், எதிரணிக்கு மூச்சு விடவே நேரம் கிடைக்காது. 2023 சாம்பியன்ஸ் லீக் ஃபைனலில், இஸ்தான்புலில், இன்டருக்கு எதிராக விழுந்த ஒரே கோல் அவர் அடித்தது. பெர்னார்டோ சில்வா பின்னால் இழுத்துப் போட்ட பந்து டிஃபண்டர் மேல் பட்டுத் திரும்பி வந்தது, ரோட்ரி நின்ற இடத்துக்கே வந்தது. அதிர்ஷ்டம் என்று சிலர் சொன்னார்கள். வருடம் பூராவும் அதே இடத்தில் நிற்கிறவருக்கு அதிர்ஷ்டம் ஒருநாள் வந்துதானே ஆகவேண்டும்.

இன்னொன்று, பாஸ் வருவதற்கு முன்னால் அவர் தலையைப் பாருங்கள். நல்ல ஆட்டக்காரர் பந்து வந்துகொண்டிருக்கும்போதே இரண்டு தோளுக்கும் மேலாகத் திரும்பிப் பார்த்து முடித்திருப்பார். அப்படிப் பார்க்காதவர் பந்து வந்த பிறகு அதை நிறுத்தி, திரும்பி, யோசிப்பார், அதற்குள் ஒருவன் காலைக் கொடுத்துவிடுவான். 2023 வரை பார்சிலோனாவில் ஆடிய புஸ்கெட்ஸ் இந்த வேலையில் எல்லோருக்கும் வாத்தியார். வேகம் கிடையாது, உடம்பு ஒல்லி, ஆனால் அவரிடம் போய்ப் பந்தைப் பிடுங்குவதற்குள் பந்து போயிருக்கும்.

சரி, டேக்கிள் கணக்கு முழுக்கப் பொய்யா என்றால், இல்லை. ஆனால் அது அணியைப் பொறுத்தது. 2015-16 சீசனில் இங்கிலாந்து லீக்கில் லெஸ்டர் அணி பின்வாங்கி நின்று பந்தை எதிரணியிடமே விட்டுவிட்டு ஆடியது, அதன் மிட்ஃபீல்டர் கான்டே லீக்கிலேயே அதிக டேக்கிள் செய்தார், அது அவர் வேலை, அதை அபாரமாகச் செய்தார். பார்சிலோனாவிடமோ எப்போதும் பந்து இருக்கும், புஸ்கெட்ஸ் யாரிடம் போய்ப் பிடுங்குவார்? இரண்டு பேர் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஒருவரை மட்டம் தட்டுவது வெட்டி வேலை. ஸ்பெயின் மிட்ஃபீல்டராக இருந்த சாபி அலோன்சோ ஒரு பேட்டியில், டேக்கிள் என்பது வேறு வழியில்லாதபோது செய்வது, அதை ஒரு தகுதியாக நினைத்து வளர்க்கக்கூடாது என்ற அர்த்தத்தில் சொல்லியிருக்கிறார். சரியான இடத்தில் நின்றிருந்தால் தரையில் விழுந்து சறுக்க வேண்டிய அவசியமே வந்திருக்காது.

அப்புறம் எல்லோரும் சொல்லும் சோதனை: அவர் இல்லாதபோது அணி என்ன ஆகிறது? கிளாசிக் உதாரணம் ரியல் மாட்ரிட்டில் இதே இடத்தில் ஆடிய மகலேலே. 2003 கோடையில் ரியல் மாட்ரிட் பெக்காமை வாங்கியது, சம்பளம் கூட்டிக் கேட்ட மகலேலேவைச் செல்சீக்கு விட்டது. அவருக்கு ஹெட்டர் வராது, மூன்று மீட்டர் தாண்டிப் பாஸ் போடமாட்டார், அவர் போனால் குறையொன்றும் இல்லை என்ற ரீதியில் கிளப் தலைவர் பெரெஸ் பேசியதாகப் பத்திரிகைகளில் வந்தது. அந்த சீசனில் ரியல் கடைசி ஐந்து லீக் மேட்சையும் தோற்று நாலாவது இடத்தில் முடித்தது, அடுத்த லீக் பட்டம் 2007-இல்தான். செல்சீ 2004-05-இல் 38 மேட்சில் வெறும் 15 கோல் வாங்கி சாம்பியன் ஆனது. கான்டே கதையும் இப்படித்தான், லெஸ்டரில் சாம்பியன், அடுத்த வருடம் செல்சீக்குப் போய் அங்கேயும் சாம்பியன், அவர் விட்டுப்போன லெஸ்டர் 12-ஆவது இடம். ரோட்ரி? 2023-24 லீக்கில் சிட்டி மொத்தம் மூன்று மேட்ச்தான் தோற்றது, வுல்வ்ஸ், ஆர்சனல், ஆஸ்டன் வில்லா. மூன்றிலும் அவர் தடையில் வெளியே உட்கார்ந்திருந்தார். அந்த வில்லா மேட்ச் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது: வில்லா 22 ஷாட், சிட்டி 2. பாஸ் போட்டே ஆளைக் களைப்பாக்கும் ஒரு அணி, நடுவில் ஒரு ஆள் இல்லாததால் தன் பாதியை விட்டே வெளியே வரத் திணறியது.

ஆனால் இந்தச் சோதனையை அப்படியே நம்பிவிடாதீர்கள். 2024 செப்டம்பரில் ஆர்சனல் மேட்சில் முட்டி போய் ரோட்ரி கிட்டத்தட்ட சீசன் முழுக்க இல்லை, சிட்டி நாலு வருடம் தொடர்ந்து ஜெயித்த பட்டத்தை விட்டு மூன்றாவதாக முடித்தது, உண்மைதான். ஆனால் அந்த வருடம் டிஃபண்டர்களும் மாறி மாறிக் காயத்தில் இருந்தார்கள், வாக்கர், டி ப்ராய்னே எல்லோருக்கும் வயதாகிவிட்டது. எல்லாவற்றையும் ஒரு முட்டியின் மேல் ஏற்றக்கூடாது. ரியல் கதையிலும் அப்படியே, 2003-இல் அவர்கள் போன வழியைப் பார்த்தால் மகலேலே இருந்திருந்தாலும் கொஞ்சம் தடுமாறியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். இதை எங்கள் டீம் வாட்சப் குரூப்பில் சொன்னால் அடிக்க வருவார்கள்.

பக்கத்தில் யார் இருக்கிறார் என்பதும் முக்கியம். காசெமிரோ ரியலில் 2016, 17, 18 என்று வரிசையாக மூன்று சாம்பியன்ஸ் லீக் ஜெயித்தபோது இரண்டு பக்கமும் க்ரூஸ், மோட்ரிச். பந்தைப் பத்திரமாக வைத்துக்கொள்வதை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள், இவர் இடத்தை அடைத்தால் போதும், தேவைப்பட்டால் நைசாக ஒரு ஃபௌல். அதே மனிதர் 2023-24-இல் மான்செஸ்டர் யுனைடெட்டில் பாதி மைதானத்தைத் தனியாகக் காக்க வேண்டியிருந்தது, அவனவன் அவரைச் சுற்றிக்கொண்டு ஓடினான், "முடிஞ்சு போச்சு" என்றார்கள். வயது ஒரு காரணம்தான். ஆனால் அவர் காக்க வேண்டிய இடம் இரண்டு மடங்கானதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அதனால் ஒருவரைத் திட்டுவதற்கு முன் அவருக்கும் சென்டர் பேக்குகளுக்கும் (பின்னால் நடுவில் நிற்கும் டிஃபண்டர்கள்) நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். அது பெரிதாக இருந்தால் தப்பு பெரும்பாலும் கோச்சுடையது.

பக்கவாட்டில் பாஸ் போடுகிறார், பின்னால் பாஸ் போடுகிறார் என்று குறை சொல்லாதீர்கள். அந்தப் பாஸ் வாங்குகிறவரின் எந்தக் காலுக்குப் போகிறது என்று பாருங்கள். முன்னால் திரும்பக்கூடிய காலுக்குப் போனால் அது பக்கவாட்டுப் பாஸ் மாதிரி தெரியும், ஆனால் தாக்குதலின் முதல் அடி. தப்பான காலுக்குப் போனால், வாங்குகிறவர் மறுபடி பின்னால்தான் கொடுப்பார். புள்ளிவிவரத்தில் இரண்டும் ஒரே கணக்கு, வெற்றிகரமான பாஸ் ஒன்று.

கோல் கணக்கு வேண்டவே வேண்டாம். மகலேலே செல்சீ சட்டையில் அடித்த முதல் கோல் 2005 மே மாதம், சார்ல்டனுக்கு எதிராக, பட்டம் ஏற்கெனவே கையில். கடைசி நிமிடத்தில் பெனால்டி கிடைத்தது, பாவம், இவரே அடிக்கட்டும் என்று விட்டுக்கொடுத்தார்கள். அதையும் கீப்பர் தடுத்துவிட்டார். திரும்பி வந்த பந்தை ஏனோதானோ என்று ஒரு உதை உதைத்தார், எப்படியோ உருண்டு உள்ளே போனது. மொத்த டீமும் அவர் மேல் விழுந்து கொண்டாடியது.