தங்கச்சி படிப்புக்கு மாந்தோப்புப் பத்திரத்தை பேங்கில் வைக்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். எங்களுக்குக் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு கிராமம். நான் ஐடிஐ ஃபிட்டர், ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை, பிடித்தம் போக 31,000 கைக்கு வருகிறது. அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் மாந்தோப்பு, அம்மாவிடம் 8 பவுன், என் சேமிப்பு 2 லட்சம். தங்கச்சி ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை ஊர் அரசுப் பள்ளியில்தான் படித்தாள், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப், நல்ல மார்க். பெங்களூருவில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் சாஃப்ட்வேரோடு சைக்காலஜியும் டிசைனும் சேர்ந்த நாலு வருஷப் படிப்பு இருக்கிறது, அதில்தான் சேருவேன் என்கிறாள். "வெறும் கோடிங் வேண்டாம்ணா, அதை யூஸ் பண்றவங்களையும் சேர்த்துப் படிக்கணும்" என்பது அவள் பேச்சு. ஃபீஸ், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் சேர்த்து வருஷம் ஐந்தரை லட்சம். தோப்புப் பத்திரத்தை வைத்தால் 20 லட்சம் லோன் கிடைக்கும் என்று பேங்கில் சொல்கிறார்கள். வட்டிக்கு வருமான வரியில் கழிவு உண்டாமே? கன்சல்டன்சிக்காரர் ஞாயிற்றுக்கிழமைக்குள் 50,000 கட்டி சீட்டைப் பிடிக்கச் சொல்கிறார். மாமாவோ, பேசாமல் ஏதாவது இன்ஜினீயரிங்கில் போடு, சைக்காலஜியைத் தபாலில் படித்துக்கொள்ளட்டும் என்கிறார். எனக்கும் வீட்டில் பெண் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். கன்சல்டன்சிக்காரருக்கு இப்போதைக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். இந்த இரண்டையும் முதலில் சொல்லிவிட்டால் மீதியை நிதானமாகப் பேசலாம்.

20 லட்சம் லோன் என்றால் 20 லட்சம் திருப்பிக் கட்டவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். வருஷத்துக்கு ஐந்து ஐந்து லட்சமாக பேங்க் கொடுக்கும், படிக்கும் நாலு வருஷமும் அதற்குமேல் ஒரு வருஷமும் தவணை கட்டவேண்டாம் என்பார்கள், ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கும். பத்தரை சதவீத வட்டி என்று வைத்துக் கணக்குப் போட்டேன். அந்த ஐந்து வருஷத்தில் தனிவட்டி மட்டும் ஏறக்குறைய 7 லட்சத்து 35 ஆயிரம் ஏறிவிடுகிறது. ஆக, தங்கச்சி முதல் தவணை கட்டும் நாளில் கடன் 27 லட்சத்து 35 ஆயிரம். பதினைந்து வருஷத்துக்குப் பிரித்தால் மாதம் 30,200, அதாவது கிட்டத்தட்ட உங்கள் முழுச் சம்பளம். பத்து வருஷத்தில் முடிக்கப் பார்த்தால் மாதம் 36,900. பதினைந்து வருஷம் கட்டி முடிக்கும்போது மொத்தமாகக் கையை விட்டுப் போயிருப்பது 54 லட்சத்துக்கு மேல்.

அவளுக்கு முதல் வேலையிலேயே மாதம் எழுபதாயிரம் கிடைத்தால் சமாளித்துவிடலாம். கிடைக்காமல் இருபத்தைந்தாயிரத்தில் ஆரம்பித்தால்? தோப்பு ஈடுகட்டும் என்று மட்டும் நினைக்காதீர்கள். 2025-இல் பெங்களூரா மாங்காய் என்ன விலைக்குப் போனது என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை, பறிகூலிக்கே கட்டாமல் காயை மரத்தோடு விட்டவர்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள். ஒரு வருஷம் காய்த்து ஒரு வருஷம் ஏமாற்றும் தோப்பை மாதாமாதம் கேட்கிற தவணைக்குப் பிணை வைக்கக் கூடாது.

இதையெல்லாம் வைத்து தங்கச்சி ஆசைப்படுவது உதவாத படிப்பு என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மாமா அப்படித்தான் நினைக்கிறார் போலிருக்கிறது, அது தப்பு. மளிகைக் கடையில் பணம் வந்ததும் தொகையைச் சத்தமாகச் சொல்கிறதே ஒரு சின்னப் பெட்டி, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். பணம் போய்ச் சேரும் நுட்பம் அதற்கு முன்பே இருந்தது. ஆனால் கடைக்காரர் ஒரு கையில் பொட்டலம் மடித்துக்கொண்டு மறு கையில் சில்லறை எண்ணிக்கொண்டிருப்பார், போனை எடுத்து மெசேஜ் பார்க்க அவருக்கு ஏது நேரம்? கூட்டத்தில் ஒருவர் கட்டாமலே கட்டிவிட்டதாகக் காட்டிப் போய்விடுவாரோ என்ற பயம் வேறு. அந்தக் கையையும் பயத்தையும் கவனித்த ஒருவரால்தான் அப்படி ஒரு பெட்டியை யோசிக்க முடியும். தங்கச்சி கேட்பது அந்தக் கவனிப்பைத்தான். கோடு எழுதுவதில் பாதியை மெஷினே செய்துவிடும் காலத்தில், எதை எழுதவேண்டும், யாருக்கு எழுதவேண்டும் என்று தெரிந்தவருக்கு மதிப்பு குறையாது என்பது என் எண்ணம்.

ஆனால் அந்தக் கவனிப்பை 22 லட்சம் கொடுத்து ஒரே பொட்டலமாக வாங்கவேண்டுமா என்பதுதான் கேள்வி. என்னைக் கேட்டால் வேண்டாம்.

உங்கள் கடிதத்திலேயே பெரிய சொத்து ஒன்று இருக்கிறது, நீங்கள் அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விட்டீர்கள். ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி! அப்படிப் படித்த பிள்ளைகளுக்கு இன்ஜினீயரிங் கவுன்சலிங்கில் 7.5 சதவீதத் தனி இடஒதுக்கீடு 2021-இலிருந்து இருக்கிறது, அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம், கவுன்சலிங் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கிறது. கவுன்சலிங் வழியாக வரும் தனியார் கல்லூரி இடங்களுக்கும் இது உண்டு. உங்கள் வீட்டிலிருந்து பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரி எவ்வளவு தூரம்? தர்மபுரி செட்டிக்கரையில் இன்னொன்று இருக்கிறது. அவள் கட்-ஆஃப், அதாவது கணக்கு நூற்றுக்கு, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதுக்கு, ஆக 200-க்கு எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் கம்ப்யூட்டர் பிரிவு கிடைக்குமா என்று இங்கே உட்கார்ந்து என்னால் சொல்ல முடியாது. ஆனால் முயற்சியே செய்யாமல் பத்திரத்தை எடுப்பது கொடுமை. பதிவு இன்னும் முடியவில்லை என்றால் இன்றைக்கே பதிவு செய்யுங்கள், பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்ததற்கான சான்றையும் கையோடு வாங்கிவிடுங்கள். அந்த ஒதுக்கீட்டில் வராவிட்டாலும், வீட்டில் யாரும் டிகிரி முடிக்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சலுகை இருக்கிறது. அப்புறம் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், நாலு வருஷத்தில் 48,000. சின்னத் தொகைதான், ஆனால் அவள் பெயரிலேயே அவள் கணக்குக்கு வருவது. அதை என்ன செய்யலாம் என்று கீழே சொல்கிறேன்.

சரி, இன்ஜினீயரிங் கிடைக்கவே இல்லை என்றால்? கிருஷ்ணகிரி அரசு மகளிர் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். கேட்பதற்குக் கவர்ச்சியாக இல்லைதான். ஆனால் மூன்று வருஷத்துக்கும் ஆகும் கட்டணம் அந்தப் பெங்களூரு ஹாஸ்டலின் சில மாத வாடகைக்குள் அடங்கிவிடும், அதற்கப்புறம் மேலே போகிற கதவு எதுவும் அடைபடாது.

சைக்காலஜிக்கு வருவோம். மாமா சொன்ன தபால் வழியை விட்டுவிடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு டிகிரி படிக்க யுஜிசி 2022-இல் அனுமதித்தது உண்மைதான், நானே சிலருக்கு அந்த யோசனையைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து சைக்காலஜியைத் தொலைதூரக் கல்வியிலோ ஆன்லைனிலோ டிகிரியாக நடத்தக் கூடாது என்று அதே யுஜிசி நிறுத்திவிட்டது. மருத்துவம் சார்ந்த படிப்புகளின் கணக்கில் அது போய்விட்டது. இப்போதும் ஆன்லைன் சைக்காலஜி டிகிரி என்று யாராவது விற்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். தங்கச்சி மனநலக் கவுன்சலர் ஆகப் போவதில்லை, அதனால் அவளுக்குச் சைக்காலஜி டிகிரியே தேவையில்லை. கவனம், ஞாபகம், முடிவெடுப்பது, தப்புச் செய்வது, இந்தப் பகுதிகள் தெரிந்தால் போதும். அதை ஐஐடி பேராசிரியர்கள் என்பிடெல் என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் இலவசமாக நடத்துகிறார்கள், மனிதர்கள் கணினியை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று படிக்கும் மனித-கணினி ஊடாட்டம் என்ற பாடமும் அங்கே இருக்கிறது. சான்றிதழ் வேண்டுமானால் தேர்வுக்கு மட்டும் ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய். புதுமைப் பெண் பணம் இதற்குத்தான்! ஒரு செமஸ்டருக்கு ஒரு பாடம் என்றால் நாலு வருஷத்தில் எட்டு சான்றிதழ், செலவு 8,000. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்திலேயே யூஐ-யூஎக்ஸ் டிசைன், அதாவது செயலியின் திரையையும் அதைப் பயன்படுத்தும் அனுபவத்தையும் வடிவமைப்பது, ஒரு விருப்பப் பாடமாக இருந்தது, கல்லூரியில் இப்போது அதை நடத்துகிறார்களா என்று சேரும்போது கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இந்தத் துறையில் எனக்குப் பிடித்த விஷயம், கற்றுக்கொள்ள அதிகம் பணம் தேவைப்படாததுதான். 1954-இலேயே பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர், தொடவேண்டிய இடம் எவ்வளவு தூரத்தில் எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதை வைத்து, கை அங்கே போய்ச் சேர ஆகும் நேரத்தைக் கணக்கிடலாம் என்று காட்டினார். இன்றைக்குப் போன் திரையில் பட்டன் எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்ற பேச்சில் அவர் பெயர் வராமல் இருக்காது. மென்பொருளைப் பயன்படுத்துவது எவ்வளவு எளிது என்று ஆராயும் யாக்கோப் நீல்சன் 2000-இல் எழுதியது இன்னும் சுவாரசியம்: ஒரு செயலியை ஐந்தே பேரிடம் கொடுத்து அவர்கள் எங்கே திணறுகிறார்கள் என்று பார்த்தாலே பெரும்பாலான குறைகள் வெளியே வந்துவிடும். கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் ஐந்து பேரைப் பிடித்து, ஒரு டிக்கெட் புக் பண்ணச் சொல்லி, பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து குறிப்பெடுக்க எவ்வளவு ஆகும்? ஐந்து டீ. அப்படிப் பத்து முறை செய்து, என்ன பார்த்தேன், எதை மாற்றினேன், மாற்றியபின் என்ன ஆனது என்று எழுதி வைத்திருக்கும் பெண்ணை, டிகிரியின் பெயரை மட்டும் காட்டும் ஆளைவிட நான் முதலில் எடுப்பேன். திரைகளை வரைவதற்கான ஃபிக்மா என்ற மென்பொருள் மாணவர்களுக்கு இலவசம். லேப்டாப் மட்டும் வாங்கவேண்டியிருக்கும், உங்கள் 2 லட்சத்திலிருந்து ஐம்பதாயிரம் ரூபாய்க்குள் வாங்குங்கள், டிசைன் என்றாலே ஆப்பிள்தான் வேண்டும் என்று யாராவது கிளப்பிவிட்டால் காதில் வாங்காதீர்கள்.

பெரிய செலவு செய்வதானால் அது இரண்டாவது டிகிரிக்கு இருக்கட்டும். குறைந்தது மூன்று வருஷ டிகிரி முடித்த, அல்லது கடைசி வருஷத்தில் இருக்கும் யாரும் டிசைன் முதுகலைப் படிப்புகளுக்கான சி.இ.இ.டி. நுழைவுத் தேர்வு எழுதலாம். அதில் தேறினால் ஐஐடி பாம்பேயில் ஊடாட்ட வடிவமைப்பில் எம்.டெஸ். என்ற டிசைன் முதுகலை மாதிரிப் படிப்புகள். மனம் இயங்கும் விதத்தைப் படிக்கும் அறிவாற்றல் அறிவியல் ஐஐடி காந்திநகரில் இருக்கிறது, அதில் சேரும் வழி வேறு. அப்போது அவளுக்கு இருபத்தொன்று, இருபத்திரண்டு வயது ஆகியிருக்கும், ஆசை அப்படியே இருக்கிறதா என்று அவளுக்கே தெரியும், இரண்டு வருஷப் படிப்புக்குக் கடன் வாங்கினாலும் தாங்கும்.

வரி விஷயத்துக்கு வருகிறேன். கல்விக் கடன் வட்டிக்குக் கழிவு உண்டு, எட்டு வருஷம் வரை, உச்சவரம்பு இல்லை, எல்லாம் சரி. ஆனால் தனக்கோ, கணவன் மனைவிக்கோ, பிள்ளைகளுக்கோ, சட்டப்படி காப்பாளராக இருந்து பார்த்துக்கொள்ளும் மாணவருக்கோ வாங்கிய கடனுக்குத்தான் அது. அண்ணன் தங்கச்சிக்குக் கட்டினால் கிடையாது. போதாததற்கு அது பழைய வரி முறையில் மட்டும்தான். உங்கள் சம்பளத்துக்குப் புதிய முறையில் வரியே வராது, பிறகு எதைக் கழிப்பது? பேங்க்காரர் இதைச் சொல்லாமல் விட்டது எனக்கு ஆச்சரியமில்லை. இன்னொன்றும் இருக்கிறது. லோனில் கூட்டுக் கடன்தாரராக நீங்கள் கையெழுத்துப் போட்டால் அந்தக் கடன் சிபில் என்ற உங்கள் கடன் வரலாற்றுப் பதிவிலும் ஏறும், நாளைக்குக் கல்யாணமாகி வீட்டு லோன் கேட்டுப் போனால் அங்கேயும் எதிரே நிற்கும். வரப்போகிற பெண்ணிடம் அதைச் சொல்லாமல் மறைக்கவும் முடியாது.

அம்மாவின் 8 பவுனையும் தொடவேண்டாம். நகைக்கடன் ஒரு அறுவடைக்கும் இன்னொரு அறுவடைக்கும் நடுவில் சமாளிக்கச் சரி. நாலு வருஷப் படிப்புக்கு அதை வைத்தால் வருஷா வருஷம் வட்டி கட்டி மறு அடகு வைத்துக்கொண்டே இருக்கவேண்டும், ஒரு வருஷம் தவறினால் நகை ஏலத்துக்குப் போய்விடும்.

இத்தனைக்கும் பிறகு அவள் பெங்களூருதான் என்று நின்றால், நான் ஒப்புக்கொள்ளும் எல்லை ஒன்று இருக்கிறது: ஈடு கேட்காமல் பேங்க் பொதுவாகக் கொடுக்கும் 7.5 லட்சம் வரை. அதே கணக்கில் அது தவணை தொடங்கும்போது பத்தேகால் லட்சமாகி, பத்து வருஷத்துக்கு மாதம் 13,800 வரும். முதல் வேலைக்குப் போகும் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டக்கூடியது. மீதிக்குப் பல்கலைக்கழகமே ஸ்காலர்ஷிப் தரட்டும், தராவிட்டால் அது நமக்கான இடம் இல்லை. பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில் 8 லட்சம் வரை குடும்ப வருமானம் உள்ளவர்களுக்கு, 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டி மானியம் இருக்கிறது, ஆனால் தேர்ந்தெடுத்த கல்லூரிகளின் பட்டியலில் அந்த இடம் இருக்கவேண்டும், மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தவர்களுக்குக் கிடையாது. கன்சல்டன்சி பிடித்துத் தரும் சீட் எந்த வகை என்று முதலில் கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் போன் பண்ணுவார். இந்தப் படிப்பின் முதல் பேட்ச் முடித்து வெளியே வந்துவிட்டதா, அதில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அதிகபட்சச் சம்பளத்தைச் சொல்லாமல் நடுவில் நிற்கும் மாணவருக்கு என்ன கிடைத்தது, 50,000 கட்டி விலகினால் எந்தத் தேதிக்குள் எவ்வளவு திரும்பும், இந்த நாலுக்கும் பல்கலைக்கழகத்தின் லெட்டர்ஹெட்டில் பதில் அனுப்பச் சொல்லுங்கள். சனிக்கிழமை ஷிஃப்ட் இல்லை என்றால் தங்கச்சியை வண்டியில் உட்காரவைத்து பர்கூர் வரை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கட்-ஆஃப் எவ்வளவு என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள், அதைப் பார்த்துவிட்டு மீதியைப் பேசலாம்.