சிறிய கிளினிக்கில் வேலை பார்க்கும் நர்ஸுக்கு மருந்தியல் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்? நாமே மருந்து எழுதித் தரலாமா?

கேட்டவர் ஜி.என்.எம். என்ற நர்ஸிங் டிப்ளமோ முடித்துவிட்டு மும்பையில் ஒரு கிளினிக்கில் சேரப் போகிறவர். பிரிட்டனில் நர்ஸ்களே மருந்து எழுதுகிறார்களாமே, இங்கும் அப்படி உண்டா, எதைப் படித்துக்கொண்டு போவது என்று கேட்டிருக்கிறார். நான் தாராவியில், தமிழ்க் குடும்பங்கள் நிறைய வரும் ஒரு கிளினிக்கில் நர்ஸாக இருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் சட்டத்தைப் பேசி முடித்துவிடலாம். பிரிட்டனில் இதற்கென்று தனிப் பயிற்சி முடித்துப் பதிவு செய்த நர்ஸ்கள் 2006 முதல், தங்கள் தகுதிக்குள் வரும் மருந்துகளை ஏறக்குறைய எல்லாவற்றையும் எழுதலாம். இங்கே நமக்கு அந்த உரிமை இல்லை. 2019-ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு, சமூக சுகாதாரப் பணியாளருக்கு மருந்து எழுத வரம்புக்கு உட்பட்ட உரிமம் தர இடம் வைத்திருக்கிறது. அரசின் ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் என்ற ஆரம்ப சுகாதார மையங்களில் சி.எச்.ஓ.வாக (சமூக சுகாதார அதிகாரியாக) இருக்கும் நர்ஸ்கள், டாக்டர் தொடங்கிவைத்த பி.பி., சுகர் மாத்திரைகளைத் தொடர்ந்து கொடுக்கிறார்கள். தனியார் கிளினிக்கில் சேரும் உங்களுக்கு இது பொருந்தாது. "டாக்டர் வர நேரமாகும், நீங்களே ஒரு ஆன்டிபயாட்டிக் கொடுத்து அனுப்புங்க சிஸ்டர்" என்று யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள்.

ஆனால் எழுதும் உரிமை இல்லை என்பதால் மருந்தியல் நமக்கு எதற்கு என்று இருந்துவிடக் கூடாது. கூட்டம் நெரியும் நேரத்தில் டாக்டரால் ஒருவருக்குச் சில நிமிடங்கள்தான் ஒதுக்க முடியும். அவரிடம் சொல்ல மறந்ததையும் சொல்லத் தயங்கியதையும் நோயாளிகள் நம்மிடம்தான் சொல்வார்கள். அதனால் நீங்கள் முதலில் பழக வேண்டியது, வந்தவர் வேறு என்னென்ன மாத்திரை விழுங்குகிறார் என்று கேட்டு வாங்குவது. என்னைக் கேட்டால் மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

"வேற மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் "இல்லம்மா" என்றுதான் பதில் வரும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட ஓர் ஆச்சியும் அப்படித்தான் சொன்னார். "முட்டு வலிக்கு என்ன போடுதீங்க ஆச்சி?" என்று கேட்டதும் சுருக்குப் பையிலிருந்து கத்தரித்த துண்டு துண்டான மாத்திரைப் பட்டைகளை எடுத்து மேசையில் வைத்தார். மெடிக்கலில் நாலு மாத்திரை, ஆறு மாத்திரை என்று வெட்டிக் கொடுத்ததால் பாதியில் பெயரும் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. பெயர் தெரிந்தவற்றில் டைக்குளோஃபெனாக் என்ற வலி மாத்திரை இருந்தது. அவர் ஏற்கெனவே டெல்மிசார்ட்டானும் ஹைட்ரோகுளோரோதயாசைடும் சேர்ந்த பி.பி. மாத்திரை எடுப்பவர். சுகருக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும்.

இந்த இடத்தில்தான் மருந்தியல் கைகொடுக்கும். சிறுநீரக வடிகட்டிக்குள் ரத்தம் வரும் குழாயை விரித்து வைப்பது புரோஸ்டாகிளாண்டின் என்று உடலே சுரக்கும் ஒரு பொருள். வலி மாத்திரை அதன் உற்பத்தியைத் தடுக்கிறது. டெல்மிசார்ட்டான் ரத்தம் வெளியேறும் குழாயைத் தளர்த்துகிறது. ஹைட்ரோகுளோரோதயாசைடு உடலின் நீரைக் குறைக்கிறது. மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் வடிகட்டத் தேவையான அழுத்தமே விழுந்துவிடலாம். இரண்டு நாள் வயிற்றுப்போக்கு வந்தால் இன்னும் மோசம். சிறுநீரகம் சுணங்கினால் அதன் வழியாகவே வெளியேறும் மெட்ஃபார்மின் உடலில் தேங்கும். கிளிமிபிரைடால் சுகர் தடாலென்று இறங்கும் அபாயமும் கூடும். நானாக எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. பட்டைகளை அப்படியே டாக்டர் மேசைக்கு எடுத்துப் போய், எதை எத்தனை நாளாக எடுக்கிறார் என்று சொன்னேன். டாக்டர் டைக்குளோஃபெனாக்கை நிறுத்திவிட்டு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். நர்ஸின் மருந்தியல் இப்படித்தான் பயன்படும்.

காசநோய் மருந்து எடுப்பவர்களை இந்த ஊரில் அடிக்கடி பார்ப்பீர்கள். அந்த மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின், மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளை முடுக்கிவிடுவதால், கருத்தடை மாத்திரையின் அளவு ரத்தத்தில் குறைந்து அது பலிக்காமல் போகலாம். சில சுகர் மாத்திரைகளின் வேலையும் குறையும். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும் என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள், கருத்தடை விஷயத்தைச் சொல்வதில்லை. இளம் பெண்களைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். காப்பர்-டி போட்டிருந்தால் கவலை இல்லை. மாத்திரை எடுப்பவர் என்றால் டாக்டரிடம் சொல்லி வேறு முறைக்கு மாற வழி செய்யுங்கள்.

அடுத்து குழந்தைகளின் காய்ச்சல் மருந்து. பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. இது எல்லோருக்கும் மனப்பாடம். சிக்கல் பாட்டிலில் இருக்கிறது. 12 கிலோ குழந்தைக்கு அதிகபட்சம் 180 மி.கி. என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள சிரப் என்றால் சுமார் 7 மி.லி., 250 மி.கி. உள்ளது என்றால் மூன்றரை மி.லி. சொட்டு மருந்தோ ஒரு மி.லி.யிலேயே 100 மி.கி., அதில் 1.8 மி.லி. போதும். போன முறை 7 மி.லி. கொடுத்த ஞாபகத்தில் அம்மா சொட்டு மருந்தை அதே அளவு கொடுத்தால் 700 மி.கி. போய்விடும். எனவே "எத்தனை மி.லி. கொடுக்கணும்?" என்று போனில் கேட்டால் பதில் சொல்லாதீர்கள். பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லி, லேபிளைப் படித்து, குழந்தையை எடை போட்டு, ஊசியில்லாத சிரிஞ்சில் கோடு போட்டுக் காட்டுங்கள். வீட்டு ஸ்பூன் அளவை நம்ப வேண்டாம். வீட்டில் சளி மருந்து இருக்கிறதா என்றும் கேளுங்கள், அதிலும் பாராசிட்டமால் இருக்கக்கூடும். குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்து நான்கு வயதுக்குக் கீழே கூடாது என்று 2023-இல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சொல்லிவிட்டது.

வேலையில் சேரும் முதல் நாளே அட்ரினலின் ஆம்பூல் எங்கே இருக்கிறது, காலாவதியாகிவிட்டதா என்று பாருங்கள். ஊசி போட்டதும் கடும் ஒவ்வாமையால் மூச்சுத் திணறி, உடம்பெல்லாம் தடித்து, பி.பி. இறங்கினால் பல இடங்களில் கை ஏவில் என்ற அலர்ஜி ஊசியையும் டெக்ஸா என்ற ஸ்டீராய்டு ஊசியையும்தான் தேடுகிறது. அது தவறு. முதலில் அட்ரினலின்தான்: பெரியவர்களுக்கு ஒரு மி.லி.யில் ஒரு மி.கி. உள்ளதில் அரை மி.லி., தொடையின் வெளிப்பக்கத் தசையில். டாக்டர் பக்கத்தில் இல்லாத நிமிடத்தில் நீங்கள் இதைச் செய்யலாம் என்று அவரிடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்கி மருந்து அலமாரியில் ஒட்டி வையுங்கள்.

படிப்பதைப் பொறுத்தவரை, தடித்த புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்ட வேண்டாம். உங்கள் கிளினிக் அலமாரியில் உள்ள மருந்துகளை எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் பிராண்ட் பெயரை விட்டுவிட்டு மூலப் பெயர், கல்லீரலா சிறுநீரகமா எந்த வழியாகப் போகிறது, எதனோடு சேரக் கூடாது, கர்ப்பிணிக்கு ஆகுமா என்ற நான்கை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். அது கைவந்தபின் புத்தகம் தானாகப் புரியும்.

இன்னொன்று. மருந்தால் பக்கவிளைவு வந்ததாகச் சந்தேகம் எழுந்தால் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு நர்ஸே நேரடியாகத் தெரிவிக்கலாம். கட்டணமில்லா எண் 1800-180-3024. மருந்தின் பெயர், பேட்ச் எண், எப்போது கொடுத்தது, என்ன ஆனது என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.