கல்லூரிப் பாடத்தில் வளரறி மதிப்பீட்டையும் தொகுத்தறி மதிப்பீட்டையும் எப்படிப் பயன்படுத்துவது?

கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

கற்றல் நடக்கும்போதே அதைத் திருத்த உதவுவது வளரறி மதிப்பீடு; முடிவில் எவ்வளவு கற்றார் என்று அளந்து பதிவது தொகுத்தறி மதிப்பீடு. ஆனால் வினாத்தாளைப் பார்த்து இது வளரறி, இது தொகுத்தறி என்று சொல்லிவிட முடியாது. விடைகளைப் பார்த்த பிறகு அடுத்த வகுப்பில் என்ன மாறியது என்று பாருங்கள். மாணவர் தன் படிப்பையோ நீங்கள் உங்கள் பாடத்தையோ திருத்திக்கொண்டால் அது வளரறி. மதிப்பெண்ணைப் பதிவேட்டில் ஏற்றிவிட்டு அடுத்த அலகுக்குப் போனால், மாதம் ஒன்று வைத்தாலும் அது தொகுத்தறிதான். 1967-ல் மதிப்பீட்டுத் துறை அறிஞர் மைக்கேல் ஸ்க்ரிவன் இந்தப் பிரிவைப் பாடத்திட்டங்களை மதிப்பிடுவதற்காக முன்வைத்தார். அதை மாணவர்களின் கற்றலுக்குக் கொண்டுவந்தவர் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் ப்ளூம்.

ஓர் எடுத்துக்காட்டு. ‘வேறுபாடு எதுவும் இல்லை’ என்பது போன்ற தொடக்க அனுமானத்தை இன்மைக் கருதுகோள் என்போம். அது உண்மை என்று வைத்துக்கொண்டால், நமக்குக் கிடைத்த அளவுக்கோ அதற்கும் மேலோ விலகிய முடிவு வர எவ்வளவு வாய்ப்பு என்பதே பி-மதிப்பு. இதை நடத்தி முடித்ததும் ஒரு கேள்வி: ‘பி-மதிப்பு 0.03 என்று வந்தால் என்ன பொருள்?’ நான்கு விடைகளில் ஒன்று, ‘இன்மைக் கருதுகோள் உண்மையாக இருக்க 3 சதவீத வாய்ப்பு’. தவறான விடை, ஆனால் வேண்டுமென்றே வைத்தது. சூத்திரத்தில் எண்களைப் போட்டுச் சரியாகக் கணக்கிடும் மாணவர்கள்கூட இதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். இறுதித் தேர்வில் கணக்கு மட்டும் கேட்டால் இந்தக் குழப்பம் கடைசிவரை வெளியே தெரியாது. இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் பரப்பிய முறை இங்கே நன்றாகக் கைகொடுக்கும். சுமார் 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொன்னால், விடையை அறிவிக்காமல் பக்கத்தில் இருப்பவரோடு வாதிடச் சொல்லிவிட்டு மறுபடி கேட்கலாம். அதைவிடக் குறைந்தால் நான்தான் மறுபடி நடத்த வேண்டும்.

இப்படிப்பட்ட வளரறி கேள்விகளுக்கு மதிப்பெண் போடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். போட்டால் மாணவர் தன் குழப்பத்தை மறைக்கத் தொடங்குவார்; எனக்கு வேண்டியதோ அந்தக் குழப்பம்தான். கல்வி ஆய்வாளர் ரூத் பட்லர் 1988-ல் வெளியிட்ட ஆய்வு பள்ளி மாணவர்களிடம் நடந்தது. ஆனாலும் கல்லூரி ஆசிரியர்கள் அறிய வேண்டியது. கருத்துரை மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். கருத்துரையோடு மதிப்பெண்ணும் பெற்றவர்களின் நிலை, மதிப்பெண் மட்டும் பெற்றவர்களின் நிலையைப் போலவே இருந்தது. அதனால் ஆய்வறிக்கையின் முதல் வரைவுக்குக் கருத்துரை மட்டும் எழுதுகிறேன். திருத்தி வந்த இறுதி வடிவத்துக்குத்தான் மதிப்பெண். ‘நன்று’, ‘இன்னும் தெளிவு தேவை’ போன்ற குறிப்புகளால் பயனில்லை. ‘மாதிரியை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதை இரண்டாம் பத்தியில் சேருங்கள்’ என்று எழுதினால் அவர் உட்கார்ந்து வேலை செய்ய முடியும்.

தொகுத்தறி மதிப்பீட்டைக் குறைத்துப் பேசுவதும் சரியில்லை. பட்டம் என்பது வெளியுலகுக்கு நாம் கொடுக்கும் உறுதிமொழி. அங்கே எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வேண்டும், பெயர் தெரியாமல் திருத்த வேண்டும், முக்கியமான தாள்களை இன்னொருவரும் பார்க்க வேண்டும். வகுப்பில் பழகிய திறனையே புதிய தரவில் கேட்க வேண்டும். பருவம் முழுக்க விளக்கச் சொல்லிவிட்டுக் கடைசியில் வரையறையை ஒப்பிக்கச் சொன்னால், மாணவர்கள் அடுத்த பருவத்தில் ஒப்பிக்கத்தான் தயாராவார்கள்.

மதிப்பெண் இல்லாவிட்டால் யாருமே எழுத மாட்டார்கள் என்று சக ஆசிரியர்கள் சொல்வார்கள். நியாயமான கவலை. எழுதிக் கொடுத்ததற்கு மட்டும் மதிப்பெண்ணில் ஒரு சிறு பங்கு கொடுக்கலாம், சரியா தவறா என்று பார்க்காமல். பெரிய வகுப்பில் எல்லாத் தாள்களையும் படிக்க நேரமிருக்காது. கலந்து எடுத்த முப்பது தாள்களைப் படித்தாலே திரும்பத் திரும்ப வரும் இரண்டு மூன்று பிழைகள் பெரும்பாலும் தெரிந்துவிடும். அடுத்த வகுப்பைத் தொடங்கும்போது அவற்றைப் பற்றிப் பேசிவிட்டு, அதே கருத்தில் வேறு எண்களோடு இன்னொரு கேள்வி கொடுங்கள்.