கடைசி வரிசைக்குப் போக 8,000 ரூபாயா?

கேள்வி: ஜவுளி மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். எக்செல் இருப்புத் தாளில் 70,000 வரிசைகள் தாண்டிவிட்டன. கடைசி வரிசைக்குப் போக நானே பதிவுசெய்த மேக்ரோ (செய்த வேலையைப் பதிந்துவைத்து மீண்டும் செய்யும் வசதி), தினமும் ஒரே பழைய வரிசையில் போய் நிற்கிறது. சரிசெய்து தர ஒருவர் 8,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். உங்கள் மேக்ரோவில் பழுது எதுவும் இல்லை; பதிவுசெய்த அன்று நீங்கள் நின்ற கட்டத்தின் முகவரியை அது அப்படியே குறித்துவைத்துக்கொண்டு, இன்றும் அங்கேயே போகிறது. பழையதை நீக்கிவிட்டுப் புதிதாகப் பதிவுசெய்யுங்கள். வியூ பட்டையில் மேக்ரோஸ் என்பதன் கீழ் பதிவைத் தொடங்கி, எஃப்5 விசையைத் தட்டி, தாளின் கடைசி வரிசையான ஏ1048576 என்ற முகவரிக்குப் போய், கன்ட்ரோலுடன் மேல் அம்புக்குறியை அழுத்தினால் விவரம் உள்ள கடைசிக் கட்டத்தில் நிற்பீர்கள். அதன் பிறகுதான் அதே பட்டியலில் உள்ள 'யூஸ் ரிலேட்டிவ் ரெஃபரன்சஸ்' என்பதை இயக்கி, கீழ் அம்புக்குறியை ஒருமுறை தட்டிப் பதிவை நிறுத்த வேண்டும். ஏ நிரலில் (நெடுவரிசையில்) சில கட்டங்களைக் காலியாக விடும் வழக்கம் இருந்தால், தேதிபோல எப்போதும் நிரம்பியிருக்கும் நிரலைத் தேர்ந்தெடுங்கள். கோப்பை எக்ஸ்எல்எஸ்எம் (.xlsm) வகையில் சேமிக்காவிட்டால் மேக்ரோ தங்காது.

ஒரு இடத்தில் மட்டும் இந்த மேக்ரோ உங்களைக் கவிழ்க்கும். யாராவது ஒரு வாடிக்கையாளரின் வரிசைகள் மட்டும் தெரியும்படி ஃபில்டர் போட்டுவிட்டு அப்படியே விட்டிருந்தால், கன்ட்ரோலும் மேல் அம்பும் கண்ணுக்குத் தெரியும் கடைசி வரிசையிலேயே நின்றுவிடும். அதற்கு அடுத்த கட்டம் மறைந்திருக்கும் பழைய பதிவாக இருக்கலாம், நீங்கள் தட்டச்சு செய்வது அதை அழித்துக்கொண்டு உட்காரும். ஃபில்டரை நீக்குவதையும் மேக்ரோவிலேயே சேர்த்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் ஃபில்டர் எதுவும் இல்லாத நாளில் அந்தக் கட்டளை 1004 என்ற பிழையைக் காட்டி நின்றுவிடும். எனவே ஓட்டுவதற்கு முன் இடப்பக்க வரிசை எண்களைப் பாருங்கள். அவை நீல நிறத்தில் இருந்தால் ஃபில்டர் இருக்கிறது, கையாலேயே நீக்குங்கள்.

இனி அந்த 8,000 ரூபாய்க்காரர். இத்தகையவர்கள் கடவுச்சொல்லால் பூட்டிய மேக்ரோவைத் தரக்கூடும். அப்படியானால் நாளை ஒரு நிரலைச் சேர்த்தாலும் அவரிடமே போய் நிற்க வேண்டும். அதைவிட மோசம், பாதுகாப்பு அமைப்பில் எல்லா மேக்ரோக்களையும் அனுமதிக்கச் சொல்வது. இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் 2022 முதல் இயல்பாகவே தடுக்கிறது. அப்போது தோன்றும் சிவப்புப் பட்டையின் அறிவிப்பு சாமானியரைக் குழப்பலாம். உங்கள் கணினியில் நீங்களே பதிவுசெய்த மேக்ரோவுக்கு அந்தத் தடை வராது.

அடிக்கடி போகும் மற்ற இடங்களுக்கு மேக்ரோவே தேவையில்லை. கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, சூத்திரப் பட்டையின் இடப்பக்கப் பெட்டியில் இடைவெளி இல்லாமல் ஒரு பெயரைத் தட்டி என்டர் கொடுங்கள். அடுத்த முறை அந்தப் பெயரைத் தட்டினாலே அங்கே போகலாம், நடுவே வரிசைகளைச் சேர்த்தாலும் பெயர் கூடவே நகரும்.