பூடுல் கலப்புக் குட்டி வாங்கப்போகிறவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் 14 வருடமாக நாய்களுக்கு முடி வெட்டி, குளிப்பாட்டி, நகம் வெட்டிவிடும் வேலை செய்கிறேன். வீட்டில் சுருட்டை முடியுள்ள பூடுல் இன நாய்கள் இரண்டு இருக்கின்றன. குட்டி விற்பதில்லை, விற்பவர்களிடம் கமிஷனும் வாங்குவதில்லை. நோய்க்கு மருந்து கேட்டால் டாக்டரிடம்தான் அனுப்புவேன். மற்றபடி கேளுங்கள்.

அஸ்தம்பட்டி: அக்கா, பையனுக்கு வீசிங் இருக்கிறது. லேப்ரடூடுலுக்கு முடி கொட்டாது, அதனால் அலர்ஜியே வராது என்று விற்பவர் உறுதியாகச் சொல்கிறார். நம்பி வாங்கலாமுங்களா?

அந்த உறுதியை நம்பி வாங்காதீர்கள். அலர்ஜி முடியால் வருவதில்லை. நாயின் எச்சில், உதிரும் தோல் துகள், சிறுநீர் ஆகியவற்றில் உள்ள புரதத்தால் வருகிறது. முடி கொட்டாத நாயும் தன்னை நக்கும், அதன் தோலும் உதிரும்.

லேப்ரடூடுல் வந்த கதையே உங்கள் கேள்விக்குப் பதில். 1980களின் கடைசியில் ஹவாயில் பார்வையில்லாத ஒரு பெண்மணிக்கு வழிகாட்டி நாய் தேவைப்பட்டது. அவர் கணவருக்கு நாய் அலர்ஜி. ஆஸ்திரேலியாவில் வழிகாட்டி நாய்களை உருவாக்கும் பொறுப்பில் இருந்த வாலி கான்ரன், லேப்ரடாரையும், பூடுலில் பெரிய அளவான ஸ்டாண்டர்ட் பூடுலையும் இணை சேர்த்தார். பிறந்தவை மூன்று குட்டிகள். அவற்றின் முடியையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்பிப் பார்த்ததில், அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது ஒரே ஒரு குட்டிதான். ஒரே ஈத்தில், ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த மூன்றில் ஒன்று! பிற்காலத்தில் கண்டபடி கலப்பு செய்து விற்பதைப் பார்த்து, இதை ஆரம்பித்ததற்கே வருந்துவதாகக் கான்ரன் வெளிப்படையாகச் சொன்னார்.

முதலில் பையனின் டாக்டரிடம் பேசுங்கள். அவர் சரி என்றால், வாங்கப்போகும் குட்டியின் தாயோடு பையனை ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள். இரண்டு நாள் விட்டு இன்னொரு முறை. தாயைக் காட்ட மாட்டேன் என்கிற இடத்தில் வாங்கவே வேண்டாம். இதை இன்றைக்கு எத்தனை முறை சொல்ல வேண்டியிருந்தாலும் சொல்வேன்.

அம்மாப்பேட்டை: காக்கர் ஸ்பேனியலும் பூடுலும் கலந்த காக்கபூ குட்டி, 45 நாள் ஆகிறது. இந்த வாரமே எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

எடுக்காதீர்கள். நம் ஊரில் 45 நாள் என்பது எழுதாத சட்டம் மாதிரி ஆகிவிட்டது. எழுதிய சட்டம் வேறு. நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய 2017 மத்திய விதிகளின்படி 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. அதாவது 56 நாள்.

அந்தப் பதினோரு நாளில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். குட்டி தன் கூடப்பிறந்ததை அழுத்திக் கடிக்கும். அது கத்திக்கொண்டு விலகிப்போகும், விளையாட்டு நின்றுவிடும். தாயை அழுத்திக் கடித்தால் தாய் உறுமும். எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்பதைக் குட்டி இப்படித்தான் கற்றுக்கொள்கிறது. என் மேசைக்கு வரும் நாய்களில் கையைப் பிடுங்கிக் கடிப்பவற்றின் கதையைக் கேட்டால், பெரும்பாலும் முப்பது நாற்பது நாளில் தாயைவிட்டுப் பிரித்தவையாக இருக்கின்றன.

ஏற்காடு: எஸ்டேட் வீடு. மழையும் பனிமூட்டமும் அதிகம். சுருட்டை முடி நாய் சரிப்படுமா?

சரிப்படும், தினமும் பதினைந்து நிமிடம் சீவ முடிந்தால். குளிர் அதற்குப் பிரச்சினையே இல்லை, ஈரம்தான் பிரச்சினை.

போன ஐப்பசியில் மேலேயிருந்து, கோல்டன் ரெட்ரீவரும் பூடுலும் கலந்த ஒரு கோல்டன்டூடுலைக் கொண்டுவந்தார்கள். பார்க்கப் பஞ்சுப்பொதி போல அழகாக இருந்தது. வீட்டுக்காரம்மா தினமும் சீவுவதாகச் சொன்னார், பொய்யில்லை. ஆனால் மேலாகச் சீவியிருக்கிறார். காதுக்குப் பின்னால் ஸ்டீல் சீப்பை வைத்தேன், உள்ளே ஒரு பல்கூட இறங்கவில்லை. அடியில் முடி முழுக்கச் சிக்கேறி, நனைந்து நனைந்து காய்ந்து கம்பளி மாதிரி இறுகியிருந்தது. மெஷினை வைத்து எடுத்தபோது அது ஒரே விரிப்பாகக் கழன்று வந்தது. அடியில் தோல் சிவந்து கசிந்துகொண்டிருந்தது, அங்கங்கே உண்ணிகள். அந்த நாய் இரண்டு மணி நேரமும் சத்தம் போடாமல் என் முழங்கையில் தலையைச் சாய்த்து நின்றது.

அதனால் முடியை வகிடு பிரித்து, தோல் தெரியும் வரை, வரிசை வரிசையாகச் சீவுங்கள். கடைசியில் சீப்பு தடையில்லாமல் ஓட வேண்டும். காதின் பின்புறம், அக்குள், கழுத்துப்பட்டை உரசும் இடம் மூன்றும் முக்கியம். நனைந்தால் துண்டால் துடைத்தது போதாது, டிரையர் வைத்து வேர்வரை காய வைக்க வேண்டும். தொங்கும் காதுக்குள் ஈரம் தங்கினால் வாடை வரும். அப்போதே டாக்டரிடம் காட்டுங்கள். 8 மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் குட்டி முடி போய்ப் பெரிய முடி வரும், அந்தச் சமயத்தில் சிக்கு இரண்டு மடங்காகும். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை வெட்டியாக வேண்டும். இந்தச் செலவைக் குட்டியின் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். எஸ்டேட்டில் எலி இருக்கும், தண்ணீர் தேங்கும். எலிக்காய்ச்சல் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள்.

ஓமலூர்: விலை என்ன ஆகும்?

ஆளுக்கு ஒரு விலை சொல்கிறார்கள். விலையை வைத்துத் தரத்தைச் சொல்ல முடியாது.

ஆத்தூர்: நான் மக்காச்சோளம் போடுகிற விவசாயி. ஹைப்ரிட் விதைதான் நோய் தாங்கும், விளைச்சலும் கூட. நாயிலும் கலப்புதானே ஆரோக்கியம்? சுத்த ஜாதி நாய்க்குத்தான் நோய் என்கிறார்களே.

ஐயா, பாதி சரி. ஒரு குறை தாய் இனத்தில் மட்டும் இருந்து, அது இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும் என்றால், கலப்பில் அது அமுங்கிவிடும். ஆனால் இரண்டு இனத்திலுமே இருக்கிற குறையைக் கலப்பு என்ன செய்யும்? பூடுல், லேப்ரடார், காக்கர் மூன்றிலும் விழித்திரை மெல்ல மெல்ல அழியும் ஒரு பரம்பரை நோய் உண்டு. முதலில் இருட்டில் தடுமாறும், பிறகு பகலிலும் தெரியாமல் போகும். தாயும் தகப்பனும் வெளியே நன்றாக இருந்துகொண்டே அந்தக் குறையைச் சுமக்கலாம். இரண்டும் சுமந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. இரண்டில் ஒன்று சுத்தமாக இருந்தால் எந்தக் குட்டிக்கும் அதனால் கண் போகாது. கன்னத்தின் உட்பக்கம் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்து டிஎன்ஏ பரிசோதனைக்கு அனுப்பினால் தெரிந்துவிடும். ஆயுசுக்கு ஒரே ஒரு முறை. இடுப்பு மூட்டுக் கோளாறும் அப்படித்தான், லேப்ரடாரிலும் உண்டு, ஸ்டாண்டர்ட் பூடுலிலும் உண்டு. அதற்கு எக்ஸ்ரே.

தலைவாசல்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஆத்தூர் அண்ணன் சொல்வது மாட்டில் பொய். எங்கள் ஜெர்சி கலப்புக்குத்தான் உண்ணிக்காய்ச்சல் முதலில் வருகிறது. நாட்டு மாடு அசைவதில்லை.

ஆத்தூர்: நாட்டு மாடு எத்தனை லிட்டர் கறக்கிறது, அதையும் சொல்லுங்கள். எதற்காகக் கலப்பு செய்கிறோம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

இரண்டு பேர் சொல்வதும் எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் விஷயம் அங்கேதான் இருக்கிறது. மாட்டில் பாலுக்காகக் கலந்தார்கள். பால் கூடியது, உண்ணியைத் தாங்கும் சக்தி குறைந்தது. எதோடு எதைச் சேர்க்கிறோம், எதற்காக என்பதைப் பொறுத்ததுதான் பலன். 'கலப்பு' என்ற சொல்லில் தனியாக ஆரோக்கியம் எதுவும் இல்லை. கவலியர் என்ற சிறிய நாய் இனத்தையும் பூடுலையும் சேர்த்துக் கவபூ என்கிறார்கள். கவலியருக்கு இதய வால்வு நோய் மிக அதிகம். தாய்க்கு ஐந்து வயதில் இதயம் எப்படி இருந்தது என்று கேட்காமல் கவபூ வாங்குவது, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காமல் தோட்டம் வாங்குவது போல.

ஆத்தூர்: ஒப்புக்கொள்கிறேன். அந்த எஃப்1, எஃப்1பி, எஃப்2 என்கிறார்களே, அது விதையில் சொல்வதுதானா?

அதேதான், உங்களுக்குச் சொல்வது எளிது. லேப்ரடாரையும் பூடுலையும் சேர்த்தால் எஃப்1. ஹைப்ரிட் விதையில் முதல் போகம் மாதிரி. அந்த வயலில் விளைந்ததையே எடுத்துவைத்து மறுபடி விதைத்தால் என்ன ஆகும்? ஒன்று உயரம், ஒன்று குட்டை, கதிர் ஒன்றுக்கொன்று பொருந்தாது. எஃப்1-ஐயும் எஃப்1-ஐயும் சேர்த்த எஃப்2 அதுதான். ஒரே ஈத்தில் சுருட்டையும் இருக்கும், லேப்ரடார் மாதிரி வழவழப்பாக முடி கொட்டுவதும் இருக்கும். எஃப்1-ஐத் திரும்பப் பூடுலோடு சேர்த்தால் எஃப்1பி, அதில் பூடுல் முடி வர வாய்ப்பு கூடுதல்.

இதை முகத்திலேயே பார்க்கலாம். 7, 8 வாரத்தில் புருவத்திலும் மீசைப் பகுதியிலும் முடி நீண்டு தாடி போல இருக்கிறதா? முகம் மட்டும் மழமழவென்று இருந்தால், விற்பவர் எந்த எழுத்தைச் சொன்னாலும், அந்தக் குட்டிக்கு முடி கொட்டும். அது நல்ல நாயாகவே இருக்கலாம். ஆனால் தெரிந்து வாங்குங்கள்.

தலைவாசல்: அப்போது நாட்டு நாயே நல்லது என்று எழுதிவிடுங்களேன்!

உண்ணிக்கும் வெயிலுக்கும் நாட்டு நாய் தாங்கும், மறுக்கவில்லை. ஆனால் இன்றைக்குக் கேட்டிருப்பது பூடுல் கலப்பு. நாட்டு நாய்க்குத் தனியாக ஒருநாள் உட்காருவோம்.

கொண்டலாம்பட்டி: குட்டி எடுத்து மூன்று நாள்தான். நேற்றிலிருந்து வாந்தி, ரத்தப் பேதி. என்ன கொடுக்கலாம்?

எதுவும் கொடுக்காதீர்கள், இந்த நிமிடமே கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பார்வோ என்ற வைரஸ் நோயாக இருந்தால் மணிக்கணக்கு முக்கியம். அங்கே முடியாது என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

மேட்டூர்: வீடியோவில் குட்டியைப் பார்த்தேன். பாதிப் பணம் அட்வான்ஸ், மீதி டெலிவரிக்கு முன். ஊர் பெங்களூரு என்கிறார்கள்.

அட்வான்ஸ் போடாதீர்கள். நேற்று எடுத்த வீடியோவா, மூன்று வருடம் முன் வேறு யாரோ எடுத்ததா? நேரில் வருகிறேன், தாயோடு குட்டியைக் காட்டுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

சங்ககிரி: டீகப் பூடுல் கலப்பு, உள்ளங்கையில் நிற்குமாம்.

டீகப் என்று ஓர் அளவே கிடையாது. பூடுலில் மிகச் சிறியது டாய், அதுவே தோளுயரம் 24 முதல் 28 செ.மீ. அதற்கும் கீழே விற்பவை பெரும்பாலும் ஈத்தில் வளராமல் போன சவலைகள். ஒருவேளை சாப்பாடு தவறினாலே சர்க்கரை இறங்கி மயங்கிவிடும்.

வாழப்பாடி: 40 நாள் குட்டி எடுக்கலாமா? தடுப்பூசி போட்டாச்சு என்கிறார்கள்.

அம்மாப்பேட்டைக்குச் சொன்னதைப் படியுங்கள். 56 நாள்.

செவ்வாய்ப்பேட்டை: குட்டியோடு கேசிஐ பேப்பர் தருகிறார்களாம். அப்படியென்றால் நம்பலாம்தானே?

கென்னல் கிளப் ஆஃப் இந்தியா சுத்த இனங்களைத்தான் பதிவு செய்கிறது. கலப்புக் குட்டிக்கு அந்தப் பேப்பர் கிடைக்கவே கிடைக்காது. தருகிறேன் என்பவர் பொய் சொல்கிறார். தாய்க்குத் தனியாக, தகப்பனுக்குத் தனியாக இருக்கலாம். அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஐந்து ரோடு: அக்கா, முடி கொட்டாது என்கிறார்களே, உண்மையா?

முகத்து முடியைப் பாருங்கள் என்று ஆத்தூர்க்காரருக்குச் சொல்லியிருக்கிறேன். இதே கேள்வி இன்னும் ஏழு பேர் அனுப்பியிருக்கிறார்கள். எல்லோருக்கும் அதுதான் பதில்.

அழகாபுரம்: சேலம் பக்கம் நல்ல ப்ரீடர் நம்பர் ஒன்று கொடுங்கள்.

நம்பர் தர மாட்டேன். போன வருடம் நன்றாக இருந்தவர் இந்த வருடம் பதினைந்து பெட்டைகளை அடைத்து வைத்திருக்கலாம். நீங்களே கண்டுபிடிக்க வழி சொல்கிறேன். மே மாதம் ஏற்காடு கோடை விழாவில் நாய்க் கண்காட்சி நடக்கும். குட்டி வாங்க என்று போகாமல், நாய் வைத்திருப்பவர்களோடு பேசப் போங்கள். இந்த நாயை எங்கே வாங்கினீர்கள், வாங்கிய பிறகும் அவர் போனை எடுக்கிறாரா என்று கேளுங்கள்.

அப்புறம் ப்ரீடர் வீட்டுக்கே போங்கள். மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள், அதே 2017 விதிகளில் அதுவும் கட்டாயம். முதல் முறை இணை சேர்க்கும்போதே தாய்க்கு 18 மாதமாவது ஆகியிருக்க வேண்டும், வருடத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல் கூடாது. தாய் உங்களைப் பார்த்து வாலாட்டுகிறதா, மூலையில் ஒடுங்குகிறதா? தாயின் குணம் பாதி குட்டியிடம் இருக்கும். நான் பையில் ஒரு எவர்சில்வர் டம்ளர் கொண்டுபோவேன். குட்டிகள் விளையாடும்போது நாலடி தள்ளித் தரையில் போடுவேன். எல்லாம் திடுக்கிடும், அதில் தப்பில்லை. அதற்குப் பிறகு என்ன செய்கிறது என்பதுதான் முக்கியம். இரண்டு மூன்று நொடியில் திரும்பி வந்து டம்ளரை முகர்கிற குட்டியை முதல் நாய் வளர்க்கும் வீட்டுக்குத் தாராளமாகச் சொல்வேன். ஓடி ஒளிந்து வெளியே வராததை, பொறுமையும் அனுபவமும் உள்ளவர்கள்தான் எடுக்க வேண்டும். தூக்கிப் பாருங்கள். ஈறு இளஞ்சிவப்பாக இருக்கட்டும், காதில் வாடை வேண்டாம், தொப்புளில் புடைப்பு வேண்டாம், உடம்பு ஒல்லியாகவும் வயிறு மட்டும் பானையாகவும் இருந்தால் பூச்சி.

சூரமங்கலம்: ஏற்காட்டில் ஒரு வீட்டில் மினியேச்சர் பூடுல் காக்கர் கலப்பு பார்த்தோம். தாய் ஹாலிலேயே இருந்தது. கண் பரிசோதனைத் தாள் காட்டினார்கள், தகப்பன் சுத்தம். ஆனால் எங்களைத்தான் துருவித் துருவிக் கேட்டார்கள். பகலில் யார் வீட்டில் இருப்பார், சொந்த வீடா, யார் சீவுவார் என்று. வளர்க்க முடியாமல் போனால் வேறு யாருக்கும் கொடுக்காமல் எங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்குகிறார்கள். என் கணவருக்குக் கோபம்.

அம்மா, அவரிடமே வாங்குங்கள். அண்ணனிடம் சொல்லுங்கள், இந்தக் கேள்விகளைக் கேட்கிற ஆளைத்தான் இவ்வளவு நேரம் எல்லோரையும் தேடச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 8 வாரம் முடிந்ததும் போங்கள். இப்போதே ஒரு பழைய துண்டைக் கொடுத்துத் தாயின் படுக்கையில் போட்டுவைக்கச் சொல்லுங்கள். முதல் ராத்திரி அந்த வாசனை இருந்தால் அழுகை குறையும். கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே ஊட்டிவிடச் சொல்லுங்கள், 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். குட்டியை மடியில் துண்டோடு வைத்துக்கொண்டு நீங்கள் பின்சீட்டில் உட்காருங்கள், அண்ணன் மெதுவாக ஓட்டட்டும்.