கடல் கடக்கும் கண்டாங்கி: வாசகர் கேள்விகள்

கேள்வி: அண்ணே, கானாடுகாத்தானில் இருந்து கண்டாங்கிச் சேலையும் ஓலைக் கொட்டானும் வெளிநாட்டுக்கு அனுப்பி விற்கிறேன். அமெரிக்காவில் ஒருவர், சுங்கம் கட்டச் சொன்னதும் பார்சலை வாங்க மறுத்துவிட்டார். ‘கிஃப்ட்’ என்று எழுதினால் தப்பலாம் என்கிறார் கூரியர் தம்பி. ஐரோப்பாவிலும் விதி மாறுகிறதாமே?

பதில்: ஆச்சி, அந்தத் தம்பியின் யோசனையை முதலில் கொல்லைப்பக்கம் வீசுங்கள். காசு வாங்கி விற்றது கிஃப்ட் ஆகாது. ஒரே மாதிரி ஆறு கொட்டான் அடுக்கிய பெட்டியைப் பார்த்தாலே சுங்கத்தில் இருப்பவனுக்குத் தெரிந்துவிடும். துறைமுகத்தில் பில் போட்டே தலை நரைத்தவன் சொல்கிறேன்.

அமெரிக்காவில் 800 டாலர் வரை சுங்கம் இல்லாமல் இருந்த சலுகை 2025 ஆகஸ்ட் 29-ல் போனது. அந்தக் குழப்பத்தில் நம் அஞ்சல் துறையே அமெரிக்கப் பார்சல் புக்கிங்கை நிறுத்தி, அக்டோபர் 15-ல்தான் மறுபடி திறந்தது; இப்போது சுங்கத்தை இங்கேயே வசூலித்துக்கொள்கிறது. அதனால் சுங்கத்தையும் சேர்த்தே விலை சொல்லுங்கள். சதவீதம் அடிக்கடி மாறுவதால், ‘இந்த விலை ஒரு வாரம்தான்’ என்று வாட்ஸ்அப்பிலேயே எழுதிவிடுங்கள். வீட்டு வாசலில் வந்து கேட்கிற வரிதான் ஆளை எரிச்சலாக்குகிறது. முன்கூட்டிச் சொன்னால் பெரும்பாலானோர் கொடுத்துவிடுவார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 150 யூரோவுக்கு உட்பட்ட பார்சலுக்கு 2026 ஜூலை 1 முதல் 3 யூரோ சுங்கம். பெட்டிக்கு இவ்வளவு என்று இல்லை, பொருள் வகைக்கு இவ்வளவு. ஆறு கொட்டானுக்கும் சேர்த்து 3 யூரோ. அதே பெட்டியில் ஒரு சேலையைச் செருகினால் 6 யூரோ. வாட் எனும் மதிப்புக் கூட்டு வரி தனி. சேர்த்து அனுப்புவதா, பிரித்து அனுப்புவதா என்று தபால் செலவோடு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மலேசியாவில் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருளுக்கு 2024 முதல் 10 சதவீத வரி உண்டு. ஆனால் அங்கே ஆண்டுக்கு 5 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டி விற்பவர்தான் அந்த வரிக்குப் பதிய வேண்டும். அந்த அளவுக்கு விற்றால் எனக்கும் ஒரு சேலை அனுப்புங்கள்!

வரி விகிதம் எப்படி மாறினாலும் பார்சலோடு போகும் காகிதம் ஒன்றுதான். ‘சாரி, பாஸ்கெட்’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். கைத்தறி, முழுப் பருத்தி, எத்தனை உருப்படி, உருப்படி விலை, தயாரிப்பு இந்தியா எல்லாம் வர வேண்டும். சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எச்.எஸ். எண், ஓலைக் கொட்டானுக்கு 4602-ல் தொடங்கும். பருத்திச் சேலைக்குத் துணியின் எடை முக்கியம்: சதுர மீட்டருக்கு 200 கிராம் வரை 5208, மேலே போனால் 5209. நெசவாளரிடம் கேளுங்கள். ஏற்றுமதி செய்பவருக்கான ஐ.இ.சி. எண் இல்லையென்றால் 500 ரூபாய் கட்டி உடனே வாங்கிவிடுங்கள். கொட்டான் நன்றாகக் காய்ந்திருக்கட்டும். சுற்றிலும் வைக்கோல் திணிக்கவே கூடாது, பூச்சி வரும் என்று பிடித்து வைப்பார்கள்.

கேள்வி: மகளுக்கு அமெரிக்காவுக்கு மாவுருண்டை அனுப்புகிறேன். அவள் தோழிகளும் காசு கொடுத்துக் கேட்கிறார்கள். அனுப்பலாமா?

பதில்: வீட்டில் நீங்களே உருட்டியதை மகளுக்கு அன்பளிப்பாக அனுப்பினால் அந்த நாட்டு உணவுத் துறைக்கு முன்னறிவிப்பு வேண்டாம். தோழியிடம் காசு வாங்கினால் அது வியாபாரம்: ஒவ்வொரு பார்சலுக்கும் முன்னறிவிப்பு தர வேண்டும். நாலு டப்பாவுக்காக அந்த அலைச்சல் கட்டாது ஆச்சி.